நாட்டுப்புறத் தேவாலயமும் நிழற்படச் சான்றும்

பழைய கட்டடமொன்றை நிழற்படம் எடுப்பது எளிது. அக்கட்டடம் எந்த மண்ணில், எத்தகைய மக்களுக்கிடையே, எவர் கைவினையால் எழுந்தது என்பதைப் படத்தில் நிறுத்துவது அரிது. முன்னது கண்ணுக்கு விருந்து. பின்னது வரலாற்றுக்குச் சான்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சிங்கப்பூரில் பொருத்தமான எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழர் அனைவரும் அறிந்த சிராங்கூன் சாலையே அதற்கு வழிகாட்டுகிறது.

தேக்காவில் பூக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் நடுவே தொடங்கும் அச்சாலை, வீரமாகாளியம்மன் கோயிலையும் சீனிவாசப் பெருமாள் கோயிலையும் கடந்து, மேல் சிராங்கூன் சாலை என்னும் பெயருடன் வடகிழக்கே நீள்கிறது. அவ்வழியில் ஹவ்காங் வட்டாரத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே, கூர்மாட வளைவுகளும் மணிக்கோபுரமும் கொண்ட மாதாகோயில் ஒன்று நிற்கிறது. தூய கன்னிமரியாளின் பிறப்புக்கு உரிய தேவாலயம் அது. இன்று நகரத்தின் ஒரு பகுதியாகத் தோன்றும் அந்த இடம், அக்கோயில் எழுந்த காலத்தில் நாட்டுப்புறம். நகரத்திலிருந்து பல கல் தொலைவிலிருந்த சிற்றூர்ப் பகுதி.

கோயில் நின்றது, நாட்டுப்புறம் மறைந்தது

பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிக் கழகத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார் 1850களின் தொடக்கத்தில் இங்கே ஒரு சிறு கோயிலை அமைத்தனர். முதலில் எழுந்தது அத்தாப்பு ஓலை வேய்ந்த எளிய கொட்டகையே. சிராங்கூன் ஆற்றை ஒட்டிய ஊர்களில் வாழ்ந்த தியோச்சூ சீனக் கத்தோலிக்கரே அதன் மக்கள். இன்று காணும் கட்டடம் 1901ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதன் அமைப்பை வரைந்தவர் சார்ல்ஸ் பெனெடிக்ட் நாய்ன் என்ற குரு. குருத்துவமும் கட்டடக் கலையும் ஒருவரிடத்தே கூடிய அரிய நிலைக்கு அவர் சான்று. நகரின் நடுவே விக்டோரியா சாலையில் 1904ஆம் ஆண்டில் முடிவுற்ற கன்னியர்மடச் சிற்றாலயமும் அவர் வரைந்ததே. ஹவ்காங் கோயில் 2005ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே கட்டடத்திற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அக்கட்டடத்திற்குப் பொருள் தந்த சுற்றுப்புறத்திற்கு எந்தச் சட்டமும் பாதுகாப்பு அளிக்கவில்லை, அளித்திருக்கவும் இயலாது. கம்பங்களும் காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் இருந்த இடங்களில், 1970களின் பிற்பகுதியிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அண்டையிலுள்ள பொங்கோலின் பன்றிப் பண்ணைகள் 1990ஆம் ஆண்டளவில் முற்றும் மறைந்தன. இன்று அக்கோயிலின் முகப்பைக் காணும் மாணவன், உழவரும் மீனவரும் வாழ்ந்த ஓர் ஊரின் நடுவே அது எவ்வளவு உயர்ந்து தோன்றியிருக்கும் என்பதை உய்த்துணர முடியாது. அதனை அவனுக்குக் காட்ட வல்லது பழைய நிழற்படம் ஒன்றே.

இதற்கு மாறான நிலையும் சிங்கப்பூரில் உண்டு. புக்கிட் தீமாவில் 1846ஆம் ஆண்டில் அனத்தோல் மொதுயி என்ற பிரெஞ்சுக் குரு தூய சூசையப்பர் கோயிலைத் தோற்றுவித்தார். மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிடவும் சாயமேற்றவும் உதவும் காம்பியர்ச் செடித் தோட்டங்களிலும் உழைத்த சீனர்களுக்காக எழுந்த கோயில் அது. காடும் தோட்டமும் சூழ்ந்த அவ்விடத்தில் 1850களில் செங்கற் கோயில் எழுந்தது. 1960களில் அதற்கு மாற்றாகப் புதிய கட்டடம் அமைந்தது. ஹவ்காங்கில் கோயில் நின்று ஊர் மறைந்தது. புக்கிட் தீமாவில் ஊரும் மாறிற்று, பழைய கட்டடமும் மறைந்தது. இரண்டிலும் இழந்ததை மீட்டுக் காண உதவுவது படம்தான். எனவே எவற்றைப் படத்தில் பதிக்க வேண்டும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே சிந்தித்தல் இன்றியமையாதது.

படக்கலையும் பழங்கட்டடமும்

நிழற்படக்கலை தோன்றிய நாள்முதல் பழங்கட்டடங்களுடன் பிணைந்தே வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் நாட்டுப்புறத்திலுள்ள லேக்காக் மாளிகை, 13ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாக எழுந்தது. பிற்காலத்தில் அதற்கு உரியவராக இருந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்னும் அறிஞர், 1835ஆம் ஆண்டில் அம்மாளிகையின் சாளரம் ஒன்றைச் சிறு தாளில் ஒளியால் பதித்தார். இன்றுவரை எஞ்சியுள்ள எதிர்ப்படங்களுள் மிகப் பழையது அதுவே.

டால்பட் தம் நூலில் நுட்பமான கருத்தொன்றைக் குறிப்பிடுகிறார். படம் எடுத்தவர் எடுக்கும்போது கருதாத பல செய்திகளை நெடுநாள் கழித்துத் தம் படத்திலேயே கண்டறிகிறார் என்பதும், சுவரிலுள்ள எழுத்துகளும் ஆண்டுகளும் அவ்வாறு வெளிப்படுவதுண்டு என்பதும் அவர் கருத்து. ஓவியன் தான் விரும்பியதை மட்டும் தீட்டுகிறான். காமிரா தன்முன் உள்ள யாவற்றையும் பதிக்கிறது. படம் சான்றாவதற்கு அடிப்படை இத்தன்மையே.

1851ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு நினைவுச்சின்னக் குழு, பால்டுஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால் என்னும் ஐவரை நாட்டின் பல திசைகளுக்கும் அனுப்பிற்று. பழுதுற்ற தேவாலயங்களையும் கோட்டைகளையும் படம் எடுப்பதே அவர்கள் கடமை. புதுப்பிப்பதற்கு முன் கட்டடத்தின் உண்மை நிலையைப் பதிந்து வைத்தல் வேண்டும் என்னும் கொள்கை அரசு அளவில் செயற்பட்டதற்கு அது ஒரு தொடக்கம்.

தமிழகத்திலும் அம்முயற்சி பின்தங்கவில்லை. சென்னை அரசினரின் நிழற்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அலுவலர், 1858ஆம் ஆண்டில் திருவரங்கம், தஞ்சை, மதுரை முதலிய இடங்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சுருளாக அமைத்தார். கோபுரத்தின் அழகை மட்டும் எடுத்து அமையாமல், எழுத்தைத் தேடிக் குனிந்து எடுத்த அச்செயலே கட்டடப் படத்திற்கு இலக்கணம் எனலாம்.

சிங்கப்பூருக்கு இக்கலை வந்ததும் தொடக்கக் காலத்திலேயே. விடுதி நடத்திய காஸ்தோன் துத்ரோங்குவா என்பவர் 1843ஆம் ஆண்டில் உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். அதற்கு அடுத்த ஆண்டில் சீனம் நோக்கிச் சென்ற பிரெஞ்சுத் தூதுக்குழுவைச் சேர்ந்த ஜூல் இத்தியே என்ற சுங்க அதிகாரி, தியான் ஹோக் கெங் கோயிலையும் ஆற்றங்கரையையும் உலோகத் தகட்டில் படமாக்கினார். சிங்கப்பூரின் மிகப் பழைய காட்சிப் படங்களுள் அவை அடங்கும். அவற்றிலும் வழிபாட்டிடம் ஒன்று இடம்பெற்றமை நோக்கத்தக்கது.

கதிரவனும் திசையும்

கட்டடத்தைப் படம் எடுப்போர் முதலில் அறிய வேண்டியது கதிரவனின் போக்கு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒன்றேகால் பாகை வடக்கே உள்ளது. ஆகவே ஆண்டு முழுவதும் நண்பகற் கதிரவன் தலைக்கு மேலோ அதற்கு அண்மையிலோ நிற்கும். அப்பொழுது மாடங்களின் கீழ் கருநிழல் படிந்து, சுவர் வெளிறித் தட்டையாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரின் கடிகாரம் 1982ஆம் ஆண்டு முதல் கிரீனிச் நேரத்திற்கு எட்டு மணி முந்தியதாக உள்ளது. ஆனால் அதன் நெடுங்கோட்டின்படி முந்தவேண்டியது ஏழு மணிக்கும் சற்றுக் குறைவே. எனவே உண்மையான நண்பகல் கடிகாரத்தில் பிற்பகல் ஒரு மணியளவில் வருகிறது. காலையில் 8 முதல் 9.30 வரையும், மாலையில் 5 முதல் 6.30 வரையும் ஒளி சாய்ந்து விழும். சாய்ந்த ஒளியிலேயே சுவரின் மேடுபள்ளம் புலப்படும்.

முகப்பு எத்திசை நோக்கியது என்பதும் கருதத்தக்கது. பீடம் கிழக்கிலும் வாயில் மேற்கிலும் அமைதல் தேவாலயங்களின் பழைய மரபு. ஆயினும் குடியேற்ற நாடுகளில் சாலையை நோக்கி வாயில் அமைத்தலும் உண்டு. ஆதலின் திசைகாட்டியால் அறிந்தே நேரத்தை வகுத்தல் நன்று. வடக்கு நோக்கிய முகப்பானால், மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் வரை கதிரவன் வடபால் செல்லும் மாதங்களிலேயே அதன்மீது நேரொளி படும். தெற்கு நோக்கியதாயின் எஞ்சிய மாதங்களில் படும். இதனை அறியாதவர் ஆறு மாதம் வந்தாலும் நிழற்சுவரையே காண்பர்.

மேகம் மூடிய நாளும் வீணன்று. வளைவுகளின் உட்புறம், சிற்ப வேலைப்பாடு, சாளரச் சட்டம் ஆகியவற்றை மென்மையான ஒளி ஒருசீராகக் காட்டும். முழு வடிவிற்குக் காலை மாலை வெயிலும், நுண்பகுதிகளுக்கு மேகவொளியும் ஏற்றவை.

சாயாத கோபுரம்

தேவாலயப் படங்களிற் காணும் பெருங்குறை, கோபுரம் பின்னோக்கிச் சாய்ந்தாற்போலத் தோன்றுவது. அண்ணாந்து எடுப்பதே இதற்குக் காரணம். காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் மேலே செல்லச் செல்லக் குவியும். காமிரா மட்டமாக இருக்குமாயின் அக்கோடுகள் இணையாகவே விழும்.

பழங்காலக் கலைஞர்கள், துருத்தி பொருத்திய பெரிய காமிராக்களில் வில்லையை மட்டும் மேலே உயர்த்தி இக்குறையைத் தவிர்த்தனர். இன்று அவ்வாறே நகரும் சிறப்பு வில்லைகள் உண்டு. அவை இல்லாதவர் விலகி நின்று எடுக்கலாம். கணக்கு எளியது: 35 மி.மீ. காமிராவில் 24 மி.மீ. வில்லையைப் பொருத்தி நெடுக்குவாட்டில், மட்டமாகப் பிடித்தால், கண்மட்டத்திற்கு மேலுள்ள உயரத்தைப்போல் ஒன்றே மூன்றிலொரு மடங்கு தொலைவு வேண்டும். கோபுரம் 20 மீட்டர் உயரமும் காமிரா 1.5 மீட்டர் உயரமும் ஆனால், 25 மீட்டர் தொலைவில் நின்றால் முடிவரை படத்துள் அடங்கும். வடிவக் கணிதம் பயிலும் மாணவர்க்கு இது நல்ல பயிற்சியுமாகும்.

கணினியில் பின்னர்த் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். திருத்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும், சில வேளை கட்டடத்தின் அளவு விகிதமும் மாறும். எனவே திருத்தாத மூலப்படத்தைத் தனியே காப்பது கடமை.

சுவரில் எழுதாத வரலாறு

முகப்பு மட்டுமே கோயில் ஆகாது. சுவர்ப்பூச்சும் செங்கல் அடுக்கும் தரையோடும் கட்டியவர் கையைக் காட்டுவன. நகரின் நடுவேயுள்ள தூய அந்திரேயர் பேராலயத்தை எடுத்துக்கொள்வோம். ரானல்ட் மாக்ஃபெர்சன் என்னும் அதிகாரி வரைந்த அமைப்பின்படி, 1856க்கும் 1861க்கும் இடையே அதனைக் கட்டியோர், இந்தியாவிலிருந்து இங்கே நாடுகடத்தப்பட்ட கைதிகள். அதன் சுவர்ப்பூச்சுக்குச் சென்னைச் சுண்ணச்சாந்து பயன்பட்டது. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கருப்பட்டி போன்ற சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினர் என்று, கைதிகளை மேற்பார்த்த மக்நேர் 1899ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் பதிந்துள்ளார்.

அக்கைதிகளின் பெயர்கள் முகப்பில் பொறிக்கப்படவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து அந்தச் சாந்துப்பூச்சே. தொலைவிலிருந்து எடுத்த கோபுரப் படத்தில் அது புலப்படாது. எந்தப் பழங்கட்டடமாயினும், பழைய பூச்சு எஞ்சியுள்ள இடத்தை அண்மையிற் சென்று, பக்கவொளியில், அளவுகோல் ஒன்றை அருகே வைத்து எடுத்தாலன்றி அத்தகைய சான்று கிட்டாது. பூச்சு உதிர்ந்து அடியிலுள்ள செங்கல் தெரியும் இடத்தைப் பலர் அழகின்மை என்று ஒதுக்குகின்றனர். ஆராய்வோனுக்கு அதுவே திறந்த ஏடு.

உட்புறத்தை எடுக்க முக்காலி வேண்டும். வண்ணக்கண்ணாடிச் சாளரத்தின் ஒளிக்கும் மரக்கூரையின் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்குவது கடினம். ஆதலின் காமிராவை அசைக்காமல் ஒளியளவை மாற்றிப் பல படங்கள் எடுத்தல் வழக்கம். வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்தலும், பங்குக்குருவின் இசைவு பெறுதலும், செபிப்போர் முகத்தை இசைவின்றி எடுக்காமையும் கலைக்கு முந்திய பண்புகள்.

ஓரத்தில் உள்ளதே அரிது

இனி, தலையாய செய்தி. கட்டடப் படம் எடுப்போர் பெரும்பாலும் மின்கம்பி, பேருந்து நிறுத்தம், கடைப்பலகை, நடந்து செல்லும் மக்கள் ஆகியவற்றை இடையூறு என்று கருதி ஒதுக்குவர். ஒதுக்க இயலாதவற்றைக் கணினியில் அழிப்பர். அழகுக்காக எடுக்கும் படத்தில் இது குற்றமாகாது. சான்றுக்காக எடுக்கும் படத்தில், எதிர்கால ஆராய்ச்சியாளனின் கண்ணைக் கட்டுவது போலாகும்.

ஹவ்காங் கோயிலின் வடிவத்தை நாளையும் அளக்கலாம். ஏனெனின் அது காக்கப்படுகிறது. அதனைச் சூழ்ந்த கம்பத்து வீடு, வேலி, கிணறு, மண்பாதை ஆகியவற்றை இனி அளக்க இயலாது. அவை படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்திருந்தால் மட்டுமே எஞ்சியிருக்கும். இன்று இடையூறாகத் தோன்றும் பேருந்து நிறுத்தமும் அறுபது ஆண்டு கழித்து அத்தகைய அரும்பொருளாகும். ஆகவே ஒவ்வொரு கோயிலுக்கும் இருவகைப் படங்கள் வேண்டும்: வடிவத்தைக் காட்டும் படம் ஒன்று, நான்கு திசையிலிருந்தும், பின்னும் விலகி நின்று, சுற்றுப்புறத்தோடு சேர்த்து எடுத்த படம் மற்றொன்று. கோயில் வாயிலில் நின்று வெளியே நோக்கி எடுக்கும் படத்தை எவரும் எண்ணுவதில்லை. கோயில் எதனை நோக்கி நின்றது என்பதை அது ஒன்றே சொல்லும்.

படத்தால் அளத்தல்

படம் அளவுகோலும் ஆகும். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பவர், 1858ஆம் ஆண்டில் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்க ஏறியபோது உயரத்திலிருந்து விழும் நிலைக்கு ஆளாகித் தப்பினார். உயிரைப் பணயம் வைத்துச் சுவரில் ஏறுவதினும், படம் எடுத்து அப்படத்தை அளக்கலாமே என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அவர் முயற்சியால் 1885ஆம் ஆண்டில் பெர்லினில் அளவுப்பட நிறுவனம் தோன்றிற்று. போரில் சிதைந்த கட்டடங்களைப் பிற்காலத்தில் புதுப்பிப்பதற்கு அவ்வகைப் படங்கள் துணைநின்றன.

இன்று அம்முறை எல்லார்க்கும் எட்டுவதாயிற்று. கட்டடத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு படமும் முந்தியதில் பத்தில் ஆறு முதல் எட்டுப் பங்கு வரை மீண்டும் காட்டுமாறு எடுத்தால், கணினி அவற்றைப் பொருத்தி முப்பரிமாண உருவமாக்கித் தரும். பாரிஸ் நகர நோத்ருதாம் பேராலயம் 2019 ஏப்ரலில் தீக்கிரையானபோது, முன்னரே ஒளிக்கதிரால் அளந்து சேர்த்து வைத்திருந்த அளவுகள் மீட்டுக்கட்டும் பணிக்குப் பயன்பட்டன. 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. தீ வந்தபின் அளக்க இயலாது என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

பெயரில்லாப் படம் அனாதை

எத்துணைச் சிறந்த படமும் குறிப்பில்லையேல் பயன் குன்றும். கோயிலின் பெயர், நாள், மணி, நின்ற இடம், நோக்கிய திசை, எடுத்தவர் பெயர் ஆகிய ஆறும் ஒவ்வொரு படத்துடனும் இருத்தல் வேண்டும். படத்தின் படிகளை ஓரிடத்தில் மட்டும் வையாது, பிரித்து வைத்தல் நலம்; ஒரு படியைக் கோயிலுக்கே அளித்தல் முறை.

புதிய படம் எடுப்பதோடு பழைய படங்களைத் தேடுவதும் இப்பணியின் ஒரு பகுதி. ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா கோயில், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888ஆம் ஆண்டில் எழுந்தது. அதுபோன்ற கோயில்களின் படிகளில் நின்று எடுத்த திருமணப் படங்களும் முதல் நன்மைப் படங்களும் குடும்பங்களின் பெட்டிகளில் உறங்கக்கூடும். மணமக்களைக் காண எடுத்த அப்படத்தில், அவர்களுக்குப் பின்னே பழைய கதவும் விளக்கும் வேலியும் சாலையும் இருக்கும். படத்தில் உள்ளோரை அடையாளம் காட்ட வல்ல முதியோர் இருக்கும்போதே கேட்டுப் பின்புறத்தில் எழுதி வைக்க வேண்டும். அவர்களுக்குப் பின் அப்படம் ஊமையாகிவிடும்.

பள்ளிகளில் தமிழாசிரியர்கள் இதனை எளிதில் மேற்கொள்ளலாம். மாணவரிடம் ஒரு பழங்கோயிலின் படத்தைக் கொடுத்து, கோயிலை விடுத்து எஞ்சியவற்றை மட்டும் பத்து வரியில் எழுதச் செய்யலாம். உற்றுநோக்கலும் சொல்வளமும் வரலாற்றுணர்வும் ஒருங்கே வளரும். தேவாலயமாயினும் திருக்கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் முறை ஒன்றே. கட்டடத்தைக் காக்கச் சட்டம் உண்டு. அது நின்ற ஊரைக் காக்கக் கருத்துடன் எடுத்த படம் அன்றி வேறு துணை இல்லை.